மணி அடிக்காத இயந்திரம்

தட்டச்சு இயந்திரத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய நாட்களைப் பற்றி மூவர் ஒருவருக்கொருவர் எழுதியவை.

கும்பகோணத்திலிருந்து:

1989-இல் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருந்தேன். தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர் தேறியவள். கீழ்க்கோர்ட்டு மனுக்கள் தமிழில், உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரங்கள் ஆங்கிலத்தில். எல்லாம் ரெமிங்டன் தட்டச்சு இயந்திரத்தில், கார்பன் வைத்து நான்கு படி. குத்தகைத் தகராறும் பாகப்பிரிவினையும்தான் அந்த அலுவலகத்துக்குச் சோறு போட்டன.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, இரண்டு ஃபிளாப்பி வாசல்கள். ஒன்றில் வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருள் இருந்த தட்டு, மற்றதில் எங்கள் வேலையைச் சேமிக்கும் தட்டு. கற்றுக்கொடுக்கத் திருச்சியிலிருந்து ஒரு தம்பி இரண்டு நாள் வந்தார்.

விரல்களுக்கு அது அந்நியமாகவே இல்லை. 'ஏ எஸ் டி எஃப்' அடித்துப் பழகியவர்களுக்காகவே செய்தது போல இருந்தது. கண்ட்ரோல் விசை ஏ-க்கு ஒட்டி இடப்பக்கம். அதை அழுத்திக்கொண்டு ஈ அடித்தால் மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடம், டி வலம். கையை எடுக்காமலே பக்கம் முழுக்க உலாவலாம்.

காதுதான் படுத்தியது. ரெமிங்டனில் வரி முடியப்போகிறது என்று மணி அடிக்கும். அடுத்த வரிக்குத் தள்ள இடக்கை தானாக நெம்புகோலுக்குப் போகும். இங்கே மணியும் இல்லை, நெம்புகோலும் இல்லை. நான் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டினேன். "அக்கா, பத்தி முடிகிறவரை அந்த விசையைத் தொடாதீர்கள், வரியை அதுவே மடித்துக்கொள்ளும்" என்றார் தம்பி. அவர் அடித்த பத்தியின் நடுவில் இரண்டு சொல் சேர்த்துக் கண்ட்ரோல் பி அழுத்தியதும் பத்தி முழுவதும் ஒழுங்காக அமர்ந்தது. என் பத்தி அசையவில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு பத்தி என்று இயந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. எங்கள் ரெமிங்டனில் ஒன்று என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. சிறிய 'எல்' எழுத்தைத்தான் அடிப்போம். திரையிலும் அப்படியே அடித்துவிட்டேன். வழக்கில் ஒரு சர்வே எண் மாறியது. கண்ட்ரோல் க்யூ ஏ போட்டால் எல்லா இடத்திலும் தானே மாற்றும் என்றார் தம்பி. போட்டோம், ஓர் இடத்தில்கூட அகப்படவில்லை. கண்ணுக்கு 111 என்று தெரிந்தது, இயந்திரத்துக்கு மூன்று எல். பதினான்கு பக்கத்தையும் கண்ணால் துழாவித் திருத்தினேன்.

அதே பதினான்கு பக்கத்தில் வக்கீல் மறுநாள் நடுப் பத்தி ஒன்றை மாற்றி எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்பெல்லாம் அப்படி ஒரு தாள் மேசைக்கு வந்தால் வயிறு கலங்கும். முதலிலிருந்து எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். அன்று அந்தப் பத்தியை மட்டும் மாற்றி, அச்சிட்டு, அந்தி சாயும் முன் வீட்டுக்குப் போனேன். அந்த மாலை இன்னும் மனதில் இருக்கிறது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், ஏழாவது பக்கத்தில் மின்சாரம் போயிற்று. பச்சை எழுத்து திரை நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. நான் ஒருமுறைகூடச் சேமித்திருக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு பத்திக்கும் கண்ட்ரோல் கே எஸ் அழுத்தாமல் அடுத்த பத்தி தொடங்கியதில்லை.

மன்னார்குடியிலிருந்து:

அக்காவைப் படுத்தியது மணி என்றால், என்னைப் படுத்தியது கொம்பு (ெ). தமிழ்த் தட்டச்சில் கண் பார்க்கிற வரிசையில் அடிப்போம். 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் (ா), மூன்று தட்டு. 'க்' என்றால், அடித்தாலும் தாள் நகராத விசையில் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அதன் கீழ் க. 1999-இல் அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அதில் க அடித்து ஒ அடித்தால் 'கொ', இரண்டே தட்டு. க-வை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும். எழுத்தை வடிவமாக நினைத்துப் பழகியவன், ஒலியாக நினைக்கக் கற்றுக்கொண்டேன். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. தட்டச்சே தெரியாத என் தங்கை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். ஒலி வரிசையே தமிழுக்கு இயல்பானது என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து:

ஊசி அச்சுப்பொறியின் கிறீச்சொலியையும், இருபக்கமும் துளையிட்ட ஓரத்தாள் கிழிக்கிற சத்தத்தையும் யாரும் சொல்லவில்லையே! அந்தக் கிழிசல் பட்டைகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாலையாகப் போட்டுக்கொள்ளும். அக்கா, அந்த ஏழு பக்கம் என்ன ஆயிற்று?

கும்பகோணத்திலிருந்து:

மயிலாடுதுறைத் தம்பி, மறுநாள் காலை வாய்தா. இரவு பத்து மணிவரை மின்சாரம் வரவில்லை. ரெமிங்டனின் உறையைக் கழற்றி, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்து, ஏழு பக்கத்தையும் மறுபடி அடித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்தது.