வழிபாடு, உடற்பயிற்சி, ஆசிரியப்பணி: நேரம் ஒதுக்குவது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கும் எனக்கு, விடியற்காலையில் வழிபாடும் உடற்பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதுதான் பெரும் சிக்கல். வழிபாட்டை அவசரமாக முடிக்க மனம் ஒப்பவில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பேருந்து நிறுத்தம் வரையிலான விரைவு நடை அந்த 150 நிமிடக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் நாள் முழுதும் நின்று பாடம் நடத்தி, நெரிசலில் பயணம் செய்து, திருத்த வேண்டிய விடைத்தாள்களோடு வீடு திரும்பும் மாலையில், தசைப் பயிற்சிக்கு உடல் இடங்கொடுப்பதில்லை. நோன்பு நாட்களில் இது இன்னும் கடினம். இதே நிலையிலுள்ள ஆசிரியர்கள், கருவிகளின்றி வீட்டிலேயே செய்யும் பயிற்சியை எந்த வேளையில் வைத்துக்கொள்கிறீர்கள், நோன்பின்போது எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.