ஏஜென்ட்கள் பேரம் பேசிக்கொண்டே இருக்கு, ஜிபியு யாருக்கும் கிடைக்கல – அவசரம்

சுழல்வட்டம்: கான்ட்ராக்ட் நெட் முறையில் (அறிவிப்பு விட்டு, முன்வருபவர்களில் ஒருவரைத் தேர்ந்து ஒப்படைப்பது) ஏஜென்ட்கள், அதாவது தானாக இயங்கும் ப்ரோக்ராம்கள், ஜிபியுவை (கணக்கு போடும் சிப்) பேரம் பேசிப் பகிரணும். ரெண்டு மூணு ஏஜென்ட் வரை நல்லா ஓடுது, கூடினால் நின்னுடுது. எர்ரர் எதுவும் இல்லை. டைம்அவுட்டும் (காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) வச்சாச்சு. நாளைக்குள் முடிக்கணும், உதவுங்க.

தறிநூல்: எத்தனை ஏஜென்ட், எத்தனை ஜிபியு? ஒரு வேலைக்கு எத்தனை? டைம்அவுட் ஆனதும் என்ன செய்யுது? மெசேஜும் நின்னுடுதா, இல்லை மெசேஜ் ஓடிக்கிட்டே இருந்து வேலை மட்டும் நகரலையா? முன்னது டெட்லாக், பின்னது லைவ்லாக்.

கூறுவிலை: பேரத்தை விடுங்க, ஏலம் வைங்க. பொருளியலாளர் விக்ரி 1961-ல் எழுதிய இரண்டாம் விலை ஏலம். அதிகம் கேட்டவருக்குப் பொருள், கட்டுவது இரண்டாவது விலை. பொய் விலை சொல்லி லாபமில்லை, ஒரே சுற்றில் முடிஞ்சிடும்.

மூத்தகணி: கேள்வியே முழுசா வரல, அதற்குள் ஏலமா? அந்த முறையை உருவாக்கிய ஸ்மித்தின் 1980 கட்டுரையையாவது படித்துவிட்டுக் கான்ட்ராக்ட் நெட்டைத் தொடலாம். லைப்ரரியை இறக்கி ஓட்டிவிட்டு இங்கே வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது.

சுழல்வட்டம்: 6 வேலை ஏஜென்ட், 4 ஜிபியு. வேலைக்கு 2 வேணும், எந்த இரண்டும் சரி. 5 விநாடியில் இரண்டாவது கிடைக்கலைன்னா கையில் இருப்பதை விட்டுட்டுத் திரும்பக் கேட்கும். மெசேஜ் ஓடிட்டுத்தான் இருக்கு.

தறிநூல்: அப்போ லைவ்லாக். நாலு பேர் தலா ஒன்றைப் பிடிச்சுக்கிட்டு, ஒன்றாக விட்டு, ஒன்றாகவே திரும்பக் கேட்கிறாங்க. காத்திருப்பை ரேண்டம் ஆக்கினால் குறையும், ஆனால் யாராவது ஒருவர் ஜிபியு கிடைக்காமலே பட்டினி கிடக்கலாம். வெயிட்-டை முறை (‘காத்திரு, இல்லையேல் கைவிடு’, 1978) நிச்சயமானது. வேலை பிறந்த நேரத்தை ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுப்புங்க. கேட்பது இளையவரிடம் இருந்தால் மூத்தவர் காத்திருக்கலாம். எல்லாமே மூத்தவர்களிடம் இருந்தால் இளையவர் கையில் உள்ளதையும் விட்டுட்டுப் பின்வாங்கணும். திரும்பி வரும்போது பழைய நேரத்தோடேயே வரணும். புது நேரம் போட்டால் என்றைக்கும் இளையவர்தான். காலியான ஜிபியு, காத்திருப்பவர்களில் மூத்தவருக்கு. காத்திருப்பு ஒரே திசையில் போவதால், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் வட்டம் விழாது.

கூறுவிலை: ஏலத்தில் இந்த வம்பே இல்லையே.

தறிநூல்: தனித்தனியா விட்டால் ஒன்றை வென்று மற்றதைத் தோற்றவர் என்ன செய்வார்?

கூறுவிலை: ஜோடியாகக் கேட்க விடுங்க.

மூத்தகணி: தொகுப்பு ஏலத்தில் வென்றவரைத் தீர்மானிப்பது என்பி-ஹார்ட் (பெரிதானால் வேகமாகத் தீர்க்க வழி தெரியாத கணக்கு). இது தெரியாமல் ஆலோசனை வேறு.

கூறுவிலை: பொதுவான கணக்கில்தான் அப்படி. தொகுப்பு இரண்டைத் தாண்டாவிட்டால் அது மேட்சிங் (ஜோடி சேர்க்கும்) கணக்கு, பாலினாமியல் நேரத்தில், அதாவது அளவு கூடினாலும் கட்டுக்குள் இருக்கும் நேரத்தில் தீரும். 4 ஜிபியுவில் மொத்தம் 6 ஜோடிதான்.

தறிநூல்: அது சரி. ஆனால் எல்லா ஏஜென்ட்டும் ஒரே ஆளுடையது. பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லாதபோது, ஏலக் காசை யாருக்கு எவ்வளவு கொடுப்பதுன்னு புதுத் தலைவலி எதுக்கு?

சுழல்வட்டம்: பிறந்த நேரம் போட்டாச்சு, 6-ம் ஓடி முடியுது. நன்றி.

தறிநூல்: ஒரு ஏஜென்ட் நடுவில் செத்தால் அதன் ஜிபியுவை யார் விடுவிப்பது? குத்தகைக் கெடு (அது முடிந்தால் ஜிபியு தானாகவே விடுபடும்) வச்சீங்களா?