புதுப்பிப்பு: அம்மாவின் மணிக்கட்டு முறிவு, கட்டு பிரித்தாயிற்று

அம்மா முற்றத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதை முன்பு எழுதியிருந்தேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. வீக்கம்தான் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

முறிந்தது எந்த எலும்பு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆரை எலும்பு, அதாவது ரேடியஸ். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருப்பது இதுதான். சுண்டுவிரல் பக்கம் அரந்தி என்கிற அல்னா. அரந்தி முழங்கையில் பருத்து மணிக்கட்டில் சிறுத்துவிடும், ஆரை அதற்கு நேர்மாறு. மேசையில் இடித்துக்கொள்கிறோமே, அந்த முழங்கை முனை அரந்தியின் மேல்நுனி. மணிக்கட்டில் பாரத்தைப் பெரும்பாலும் ஆரையே தாங்குவதால், ஊன்றி விழுந்தால் அடியும் அதற்கே. அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-லேயே விவரித்துவிட்டார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான்!

சரி, இப்போதைய சிக்கல் கையைத் திருப்புவது. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரு எலும்புகளும் பக்கம் பக்கமாக இருக்கும். கவிழ்த்தால் ஆரை அரந்தியின் குறுக்கே சாயும். அம்மாவுக்குக் கவிழ்க்க வருகிறது, விபூதி வாங்கக் கையை விரித்து நீட்டத்தான் வரவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துப் பயிற்சி செய்யச் சொல்கிறார் பிசியோதெரபிஸ்ட். இல்லாவிட்டால் தோள் திருட்டுத்தனமாக உதவிவிடுமாம்.

அப்புறம், எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறோம்.