ஸ்லைட் அவுட்டுக்கு மேலே ஆனிங் போடலாமா? முதல் டிரெய்லர் வாங்கியவரின் கேள்வியும் என் பதிலும்

கேள்வி:

அண்ணா, இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக ஒரு டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு, வாங்கியிருக்கிறோம். பழசுதான். இரண்டு ஸ்லைட் அவுட் (நிறுத்திய பிறகு சுவரிலிருந்து வெளியே தள்ளி இடத்தைப் பெரிதாக்கும் பகுதி) இருக்கிறது. விற்ற டீலர் "இரண்டுக்கும் மேலே ஆனிங், அதாவது துணிக் கூரை, போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மழை உள்ளே ஒழுகும்" என்கிறார். முகாமில் பக்கத்தில் நிறுத்தியிருந்தவரோ "அது காற்றில் இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும், என்னுடையதைக் கழற்றிவிட்டேன்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

தம்பி, பக்கத்து டிரெய்லர்காரர் சொன்னது உண்மை. டீலர் போடச் சொன்னதும் உங்கள் விஷயத்தில் சரியாக இருக்கலாம், ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் தப்பு. அதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணத்தை நம்பிப் பணம் கொடுத்தால் ஒழுகல் அப்படியே இருக்கும், மேலே ஒரு துணியும் கூடுதலாக இருக்கும்.

ஸ்லைடுக்கு மேலே போடும் இந்த ஆனிங்கை ஸ்லைட் டாப்பர் என்றும் சொல்வார்கள். வாசல் பக்கம் நிழலுக்காக விரிக்கிற பெரிய ஆனிங் வேறு, இது வேறு. ஸ்லைடின் வெளி விளிம்பில் ஒரு ரோலர் குழாய், அதற்குள் ஸ்பிரிங். துணியின் ஒரு முனை அந்தக் குழாயில் சுற்றியிருக்கும், மறு முனை டிரெய்லர் சுவரில் ஸ்லைடுக்குச் சற்று மேலே திருகிய ஒரு ரயிலுக்குள் (துணியின் விளிம்பைப் பிடிக்கும் நீளமான சட்டம்) நுழைந்திருக்கும். ஸ்லைட் வெளியே போகும்போது துணி தானாக விரியும், உள்ளே வரும்போது ஸ்பிரிங் அதைச் சுருட்டிக்கொள்ளும். இதற்கென்று மோட்டாரோ சுவிட்சோ கிடையாது. அதனால்தான் ஸ்லைடை வெளியே வைத்துக்கொண்டு ஆனிங்கை மட்டும் சுருட்டி வைக்க முடியாது. இதை நினைவில் வையுங்கள், காற்றைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இது எதைக் காப்பாற்றுகிறது? ஸ்லைடின் கூரையை. அந்தக் கூரை பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும், தண்ணீர் ஓட வேண்டிய சரிவு இல்லை என்றே சொல்லலாம். மரத்தடியில் நான்கைந்து நாள் நிறுத்தினால் இலை, பைன் ஊசிகள், சுள்ளி, பறவை எச்சம் எல்லாம் அங்கே சேரும். ஸ்லைடை மூடும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: அந்தக் கூரை அப்படியே வீட்டுக்குள் வருகிறது. அதன் மேல் கிடப்பதும் கூடவே வருகிறது. நடுவில் அதைத் தடுக்க இருப்பது சுவர் ஓரமாக ஓடும் ரப்பர் சீல் ஒன்றுதான். காய்ந்த இலை என்றால் சீல் தள்ளிவிடும். நனைந்து கூரையோடு ஒட்டிய இலை சீலுக்கு அடியில் நுழைந்து மடங்கி அங்கேயே தங்கிவிடும். ஒரு கூரான சுள்ளி ரப்பரின் விளிம்பை மடக்கினால், அடுத்த முறை திறந்த பிறகும் அது மடங்கியபடியே நிற்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் அடுத்த மழை உள்ளே வரும். மழையில் மூடினால் கூரையில் நிற்கிற தண்ணீரும் உள்ளே வந்து சோபா மேலேயும் அலமாரி மேலேயும் சொட்டும். டாப்பர் தடுப்பது இந்த இரண்டையும்தான். வெயில் நேரடியாகக் கூரையில் விழுவதையும் ஓரளவு குறைக்கும், ஆனால் அதற்காக மட்டும் வாங்கத் தேவையில்லை.

இப்போது டீலர் சொன்ன ஒழுகல். டாப்பர் ரப்பர் சீலின் வேலையைச் செய்யாது. துணிக்கும் ஸ்லைட் கூரைக்கும் நடுவே பக்கவாட்டில் திறந்த இடைவெளி இருக்கிறது, சாய்வாக அடிக்கிற மழை அதன் வழியாக உள்ளே போகத்தான் செய்யும். சீல் நன்றாக இருந்தால் டாப்பர் இல்லாமலேயே ஸ்லைட் ஒழுகக் கூடாது. ஒழுகுகிறது என்றால் சீல் போயிருக்கிறது, அல்லது மூலையில் இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை பிரிந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் மேலே துணி போட்டால் ஒழுகல் குறைந்த மாதிரி தெரியும், உள்ளே மரம் மெல்ல ஊறிக்கொண்டிருக்கும், தெரிய வரும்போது தரையே போயிருக்கும்.

அதனால் டாப்பர் பற்றி முடிவெடுக்கும் முன்னால் ஒரு நாள் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். ஸ்லைடை முழுக்க வெளியே தள்ளி, சீல் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கிழிசல், மடிப்பு, வெடித்துக் காய்ந்த இடம், நசுங்கியபடியே நிற்கிற இடம், எல்லாம் கைக்குத் தெரியும். உள்ளே ஸ்லைடின் தரையில் நான்கு மூலைகளையும் கட்டை விரலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கிறது. அப்புறம் சாதாரணத் தோட்டக் குழாயால் மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை டார்ச்சோடு நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், அது நல்ல சீலையும் தாண்டித் தண்ணீரை உள்ளே செலுத்தும். பழைய வண்டி வாங்கிய யாருக்கும் டாப்பரைவிட இந்தச் சோதனைதான் முதலில்.

சரி, சீல் நன்றாக இருக்கிறது. இப்போது போடலாமா?

நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் பதில். மரங்கள் அடர்ந்த முகாம்களில் தங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாறுகிறவர் என்றால் கட்டாயம் போடுங்கள் என்பேன். ஒவ்வொரு முறையும் மூடும் முன் ஏணி வைத்து ஏறிக் கூரையைப் பெருக்க வேண்டும், அதுவும் கிளம்புகிற அவசரத்தில், பல சமயம் மழையில், ஈரத் தரையில். முதல் பயணத்தில் செய்வீர்கள், பத்தாவது பயணத்தில் "பரவாயில்லை, லேசாகத்தான் கிடக்கிறது" என்று மூடிவிடுவீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஆகிறோம். வீட்டில் ஏணி ஏற முடிந்தவர் ஒருவர் மட்டும்தான் என்றால், அல்லது முழங்கால் வலி உள்ளவர் என்றால், இன்னும் யோசிக்கவே வேண்டாம்.

கடற்கரை, வெட்டவெளி, புல்வெளி மாதிரி காற்று அடிக்கிற இடத்தில் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கப் போகிறீர்களா, அப்படியானால் வேண்டாம். அங்கே இலை விழாது, ஆனால் காற்று துணிக்கு அடியில் புகுந்து தூக்கித் தூக்கி அடிக்கும். படுக்கை ஸ்லைட் என்றால் தலைக்கு நேர் மேலே அந்தச் சத்தம் கேட்கும். குழந்தைகள் எழுந்துவிடுவார்கள். நான் முன்னால் சொன்னேன் அல்லவா, துணியை மட்டும் சுருட்ட முடியாது, எனவே நடு இரவில் ஸ்லைடையே உள்ளே இழுக்க வேண்டும். பலத்த காற்று வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் படுக்கப் போகும் முன்பே இழுத்துவிடுவது நல்லது. கிழிந்தால் துணி போகும். ரோலரே பிடுங்கிக்கொண்டு வந்தால் ஸ்லைடின் விளிம்பும் சேர்ந்து போகும்.

இன்னொரு தொல்லை தேங்கும் தண்ணீர். துணி நடுவில் கொஞ்சம் தொய்ந்தால் போதும். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள துணியில் பாதிப் பரப்பில் சராசரியாக 2 செ.மீ. தண்ணீர் நின்றாலே 40 கிலோ. அந்த எடை தொய்வை இன்னும் கூட்டும். மழை நின்றதும் ஸ்லைடை ஓரடி உள்ளே இழுத்தால் தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் கொட்டும், பிறகு மறுபடி வெளியே தள்ளிவிடலாம். அந்த நேரத்தில் கீழே யாரும் நிற்கக் கூடாது, நாற்காலி, மின்சார வயர் எதுவும் இருக்கக் கூடாது. சமன் செய்யும்போதே டிரெய்லரின் ஒரு முனையை மிக லேசாகத் தாழ்த்தி வைத்தால் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும். சிலர் துணிக்கும் கூரைக்கும் நடுவே நுரைக் குழாயோ காற்றடித்த பந்தோ வைத்து நடுவைத் தூக்கி விடுகிறார்கள். நல்ல யோசனைதான், நீண்ட நாள் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கு. ஆனால் மூடும் முன் எடுக்க மறக்கவே கூடாது.

இரண்டு ஸ்லைடுக்கும் சேர்த்தே போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெரிய ஸ்லைடுக்கு, அதாவது சோபாவும் சாப்பாட்டு மேசையும் இருக்கிறதே அதற்கு, முதலில் போட்டு ஒரு பருவம் பாருங்கள். படுக்கை ஸ்லைட் சின்னது, அதைச் சுத்தம் செய்வதும் சுலபம், சத்தத் தொல்லையும் இருக்காது. டீலர் இதை வண்டிக் கடனோடு சேர்த்துவிடலாம் என்று சொல்லியிருப்பார், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வட்டி கட்டி வாங்க வேண்டிய பொருள் இல்லை இது.

கேள்வி:

நன்றி அண்ணா. நாங்கள் போவது எல்லாம் காட்டு முகாம்கள்தான், அதனால் பெரியதற்குப் போடலாம் என்று நினைக்கிறோம். நானே மாட்டிக்கொள்ளலாமா? துணி வினைலா அக்ரிலிக்கா? பனி விழும் காலத்தில் என்ன செய்வது?

பதில்:

காட்டு முகாம் என்றால் சரியான முடிவுதான்.

நீங்களே மாட்டலாம், ஆனால் தனியாக வேண்டாம். குறைந்தது மூன்று பேர், இரண்டு ஏணி. ஏன் என்றால் அந்த ஸ்பிரிங். முறுக்கேற்றிய ரோலரின் முனை கையிலிருந்து நழுவினால் அது சுழல்கிற வேகத்தில் விரலை உடைக்கும். பூட்டுவதற்கென்று கொடுத்திருக்கும் பின்னை நுழைக்காமல் முனை மூடியைத் தொடவே கூடாது. பின்னாளில் துணி மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. இதற்கு மனம் தயங்கினால் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள், அதில் தவறே இல்லை.

சுவரில் ரயில் திருகுகிற இடம்தான் எனக்குக் கவலை. நீங்கள் புதிதாகத் துளை போடுகிறீர்கள். ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையக்கூடிய வழி. உள்ளே திருகு பிடிக்க மரமோ உலோகச் சட்டமோ இருக்கிறதா என்று வண்டி தயாரித்தவரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ரயிலுக்குப் பின்னால் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டு நாடா), மேல் விளிம்பில் சீலன்ட், இரண்டும் வேண்டும். ஃபைபர் கிளாஸ் ஒட்டிய சுவர் என்றால் இன்னும் கவனம், உள்ளே ஈரம் போனால் வெளித்தகடு உப்பிப் பிரிந்துவிடும், அதைத் திரும்ப ஒட்டுவது பெரிய வேலை.

அளவெடுப்பதில் ஒன்று. ஸ்லைடின் வெளி முகத்தில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளக்க வேண்டும், உள்ளே தெரிகிற அறையின் அகலத்தை அல்ல. துணியின் அகலம் ரோலரின் மொத்த நீளத்தைவிடக் குறைவாக இருக்கும், எனவே கடையில் எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்லைட் எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதையும் அளந்து, வாங்குகிற மாடல் அவ்வளவு விரியுமா என்று பாருங்கள். ஸ்லைடுக்கு மேலே ரயிலுக்கு இடம் இருக்கிறதா, விளக்கோ மழைக்கால்வாயோ குறுக்கே வருகிறதா, அதே பக்கம் பெரிய ஆனிங் இருந்தால் அதன் கை இடிக்குமா என்பதும் முக்கியம். மூடிய நிலையில் ரோலர் பக்கவாட்டில் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும், குறுகலான கேட், நிறுத்துமிடம் இவற்றுக்கு அந்தப் புதிய அகலத்தைக் கணக்கில் வையுங்கள்.

டொமெட்டிக், கேர்ஃப்ரீ, லிப்பர்ட்டின் சொலேரா, இவைதான் அதிகம் கண்ணில் படும். பெயரைவிட நான் பார்ப்பது இரண்டு விஷயம்: ஓட்டும்போது காற்றில் ரோலர் தானாக விரியாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு இருக்கிறதா, துணியை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியுமா. துணி வெயிலில் நாளடைவில் போகத்தான் போகிறது, ரோலர் நிற்கும்.

வினைல் தண்ணீர் விடாது, துடைப்பதும் சுலபம், காட்டு முகாமுக்கு அதுதான். அக்ரிலிக் நெய்த துணி, சீக்கிரம் காயும், ஆனால் தேங்கிய தண்ணீர் மெல்லக் கசியும். எதுவானாலும் ஈரத்தோடு சுருட்டினால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் விரித்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பனிக்கு இது தாங்காது. பனிக்காலத்தில் ஸ்லைடை மூடியே நிறுத்துங்கள். பயணத்தில் திடீரென்று பனி விழுந்துவிட்டால் மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிட்டு மூடுங்கள், துணி உறைந்து விறைத்திருந்தால் வெயில் ஏறும்வரை காத்திருங்கள், இழுத்தால் மடிப்பில் வெடிக்கும்.

டாப்பர் போட்ட பிறகும் மூடும் முன் ஒரு பார்வை தேவை. பக்கவாட்டு இடைவெளி வழியாக இலை புகும், குளவி கூடு கட்டும், சின்னக் குருவி வந்து உட்காரும். நீளமான குச்சியில் கைபேசியைக் கட்டி வீடியோவில் துணிக்கு அடியில் பார்த்துவிடலாம், ஏணி வேண்டாம். முதலில் அந்த சீல் சோதனையைச் செய்துவிட்டு மூலைகளின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.