தெருவோரம் பூச்செடி வைக்க உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில், தோட்டத்து லயங்களிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வந்தவர்கள் நிறைய பேர் வாழும் தாமான் (குடியிருப்புப் பகுதி) எங்களுடையது. வீட்டு வரிசைக்கு முன்னால், ரோட்டுக்கும் லோங்காங்குக்கும் (சாக்கடைக் கால்வாய்) நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் சும்மா கிடக்கிறது. உடைந்த சிமெண்டும் செம்மண்ணும்தான்; மழை விட்டு வெயில் அடித்தால் இறுகிப்போகும். லயத்து வாசல்களில் செம்பருத்தி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தெரு வெறிச்சென்று இருக்கிறது. தீபாவளிக்குள் பூ பார்த்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவும் நானும் இறங்கியிருக்கிறோம்.

வெயில் பக்கத்துக்குக் காகிதப்பூ. தண்ணீர் அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ குறையும். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான செடி. மாமரத்தடி நிழலில்தான் குழப்பம். பாண்டான் (வாசனைக்குச் சமையலில் போடும் ரம்பை இலை) வரும், ஆனால் எங்களுக்கு நிறம் வேண்டும். அங்கே எது பூக்கும்?

அப்புறம், தோட்டத்தில் செம்பனைக் குலைச் சக்கையை (எண்ணெய்ப் பனையின் பழம் எடுத்த வெறும் குலை) மரத்தடியில் பரப்புவார்களே, அதை வீட்டுச் செடிக்குப் போட்டவர்கள் உண்டா? மக்க வைத்துத்தான் போட வேண்டுமா? ரோட்டோரம் நட நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்க வேண்டுமா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க மாட்டோம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டை பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சல் (டெங்கு) பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு.

காகிதப்பூ, செம்பருத்தி, இட்லிப்பூ கிளைகளை வெட்டினால் தூக்கிப் போடாதீர்கள். பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி போதும். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.