கறிக்கடையில் படித்த அனாடமி

நர்சிங் முதல் வருஷம் இன்டர்னலில் இதயம் படம் வரைந்து, இடது வலது மொத்தத்தையும் மாற்றிக் குறித்துவிட்டு வந்தவள் நான். எதிரே ஒருத்தர் நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரிதான் படம், அதனால் தாளில் நம் வலது கைப்பக்கம் இருப்பது இதயத்தின் இடது. இது தெரியும், ஆனால் பேனாவை எடுத்தால் மறந்துபோகும். மேடம் திட்டவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டு இதயம் வாங்கிப் பாரு என்றார்.

கடைக்காரர் வழக்கம்போல ரத்தக்கட்டி போக நாலு கீறு போட்டுக் கொடுத்தார். "அண்ணே, கீறாம முழுசா வேணும், படிக்கிறதுக்கு" என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறொன்று எடுத்தார்.

வெட்டவே வேண்டாம், முதலில் விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று அமுங்கும், மறுபக்கம் கெட்டியாக நிற்கும். கெட்டியானதுதான் இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் கீழறை. வலதுக்கு ரத்தத்தைப் பக்கத்திலிருக்கும் நுரையீரல் வரை தள்ளினால் போதும், இடதுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தள்ளியாக வேண்டும், அதனால் மனித இதயத்திலும் அந்தச் சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். அப்புறம் நான் இடது வலது மாற்றிப் போட்டதே இல்லை. உள்ளே வால்வு இதழ்களைப் பிடித்தபடி வெள்ளை வெள்ளையாக நூல்கள் இருக்கும், ரத்தம் அழுத்தும்போது இதழ் பின்பக்கம் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். சும்மா இழுத்துப் பார்த்தேன், அறுக்க முடியவில்லை. படத்தில் அதை நாலு கோடாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

*

அக்கா, உங்களுக்கு இதயம், எனக்குச் சுவரொட்டி. சின்ன வயதிலிருந்து "சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று அப்பத்தா மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கும். பாராமெடிக்கல் சேர்ந்து மண்ணீரல் பாடத்தை ஒரு வாரம் மனப்பாடம் செய்த பிறகுதான் சுவரொட்டியும் மண்ணீரலும் ஒன்று என்று தெரிந்தது, அதுவும் கடையில் வைத்து! சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களில் நிறைய மண்ணீரலில்தான் உடைகின்றன, அதிலிருக்கும் இரும்பு மறுபடி புது அணுக்களுக்குப் போகிறது. அப்பத்தா சொன்னதில் விஷயம் இருக்கிறது. குண்டிக்காய்தான் சிறுநீரகம் என்பதாவது முன்னாடியே தெரியும், அதனால் அந்தப் பாடம் சுலபமாக ஏறியது.

*

நான் பிளஸ் ஒன் பசங்களுக்கு உயிரியல் எடுக்கிறேன். மூச்சுக்குழாயோடு சேர்த்து நுரையீரலை வாங்கி வந்து லேபில் சைக்கிள் பம்பை மாட்டி மெதுவாக அடித்தேன் (வாயால் ஊதாதீர்கள், தயவுசெய்து). கருஞ்சிவப்பாகச் சுருங்கிக் கிடந்தது வெளிர் ரோஜா நிறத்தில் உப்பி மேசையை அடைத்துக்கொண்டு வர, பின் பெஞ்ச் பசங்களே எழுந்து வந்துவிட்டார்கள். ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும், கல்லீரல் துண்டு மூழ்கும். நுரையீரல் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. மூச்சுக்குழாயைத் தடவச் சொன்னேன், முன்பக்கம் குருத்தெலும்பு வளையம் வளையமாகத் தட்டுப்படும், பின்பக்கம் மெத்தென்று இருக்கும், அங்கே ஒட்டினாற்போல் உணவுக்குழாய் போகிறது.

லேபில் வாடை ரெண்டு நாள் போகவில்லை. அந்தப் பம்பை இன்றுவரை யாரும் சைக்கிளுக்குக் கேட்டு வரவும் இல்லை.