சொற்களின் உறவைக் காட்டிப் பிள்ளைகளின் எழுத்துப்பிழையைத் திருத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

தளி, தன்னார்வலர்:

இல்லம் தேடிக் கல்வி மையத்தில் மாலையில் சொல்லித் தருகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் என்பதை ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'கோளி' என்று எழுதியிருந்தாள். வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தெலுங்கு வீட்டுப் பிள்ளையான அவள் 'கோடி' என்றாள். பக்கத்திலிருந்த கன்னட வீட்டுப் பையன் 'கோளி' என்றான். ஏழு என்ற எண்ணைக் கேட்டபோது அவளிடமிருந்து 'ஏடு', அவனிடமிருந்து 'ஏளு'. மூன்றையும் கரும்பலகையில் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியவுடன், "எங்க வீட்டுல ட வந்தா இங்க ழ-வா அக்கா?" என்று அவளே கேட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்து எண்களை வரிசையாக எழுதச் சொன்னபோது, மூன்று என்று நன்றாகச் சொல்லத் தெரிந்தவள், தெலுங்கு 'மூடு' என்பதை மனத்தில் வைத்து 'மூழு' என்று எழுதி நீட்டினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தானாக ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதைத் துணிந்து நீட்டிப் பார்த்த பிள்ளையிடம் அது தவறு என்று எப்படிச் சொல்வது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

அம்மா, உங்கள் முறை எல்லையோர ஊர்களுக்குப் பொருந்தலாம். வீட்டிலும் தமிழே பேசும் எங்கள் பிள்ளைகளுக்கு அது உதவாது. அவர்களுக்கு இன எழுத்து ஒன்றைப் பிடித்துக் கொடுத்தாலே பாதிப் பிழை ஓடிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற ஆறு இணைகள்தாம். டகரத்துக்கு முன் டண்ணகரமும், தகரத்துக்கு முன் தந்நகரமும், றகரத்துக்கு முன் றன்னகரமும் வரும். அந்த எழுத்துகளின் பெயரிலேயே விதி இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன் 'கன்டேன்', 'வன்தான்' என்றுதான் எழுதுவான். விதியை நான் சொல்லவில்லை. பாடப்புத்தகத்திலிருந்து டகரத்துக்கு முன் மெய்யெழுத்து வரும் சொற்களை மட்டும் பொறுக்கி எழுதச் சொன்னேன். சில நாள் கழித்துத் தக்காளி மண்டிக்கு எதிரே அவனைப் பார்த்தேன். 'வன்டி வாடகைக்கு' என்று எழுதியிருந்த டெம்போவின் முன்னால் நின்றுகொண்டு, அப்பா கையைப் பிடித்து இழுத்தும் நகராமல், "சார், ட-வுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாறி உட்கார்ந்திருக்கார்" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். ஓட்டுநர் என்னைத்தான் முறைத்தார்.

அரூர், நான்காம் வகுப்பு மாணவியின் தாய்:

ஐயா சொன்ன விதி பகரத்தின் முன்னால் நின்றுவிடுகிறது. 'நண்பன்', 'அன்பு' இரண்டும் சரிதானே? அங்கே எந்த இனத்தைப் பார்ப்பது? என் மகளுக்கு உதவியது வேறு வழி. அவள் 'முற்கள்' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதித் தாளையே கிழித்துவிட்டாள். ஒன்றாக இருந்தால் என்ன என்று மட்டும் கேட்டேன். முள் என்றாள். கல் கற்களாவதையும் முள் முட்களாவதையும் அருகருகே எழுதிய பிறகு, செல் என்றால் சென்றான், வெல் என்றால் வென்றான், ஆள் என்றால் ஆண்டான், கேள் என்றால் கேட்டான் என்று அவளே அடுக்கத் தொடங்கினாள். லகரம் றகரத்தோடும் றன்னகரத்தோடும் உறவு, ளகரம் டகரத்தோடும் டண்ணகரத்தோடும் உறவு. ழகரம் மட்டும் வாழ்ந்தான், தாழ்ந்தான் என்று யாருக்காகவும் மாறாமல் நிற்கிறது. நல் என்பதிலிருந்து நன்மையும், உள் என்பதிலிருந்து உண்மையும் வருவதைக் காட்டியபோது, மகரத்துக்கு முன் எந்த னகரம் என்ற குழப்பமும் அவளுக்கு ஓரளவு தீர்ந்தது. அதே துணிச்சலில் பள்ளித் தேர்வில் 'நாட்கள்' என்று எழுதினாள். சிவப்பு மையில் அடித்து 'நாள்கள்' என்று திருத்தி, அரை மதிப்பெண் குறைத்து வந்தது தாள். "நீதானே சொன்னே?" என்று என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை இன்னும் உறுத்துகிறது.

ஊத்தங்கரை, தமிழாசிரியர்:

என் வகுப்பில் 'முயற்ச்சி' என்று எழுதாத பிள்ளையே கிடையாது, ஒரு பெண் மட்டும், "வளர்ச்சிக்குச் ச் உண்டு, முயற்சிக்கு ஏன் இல்லை?" என்று கேட்டாள், வகுப்பே அமைதியாகிவிட்டது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். சொற்களைப் பத்து முறை எழுத வைப்பதை நிறுத்திவிட்டு, பிரித்து அடுக்க வையுங்கள். ஒரு பக்கம் வளர்ச்சி, உணர்ச்சி, எதிர்ப்பு, வாழ்க்கை. மறுபக்கம் முயற்சி, பயிற்சி, கட்சி, நட்பு, வெட்கம். ர், ழ் என்பவற்றை அடுத்து வல்லினம் இரட்டித்தும் நிற்கலாம், ற், ட் என்பவற்றை அடுத்து அது ஒற்றையாக நிற்கிறது என்பதைப் பிள்ளையே கண்டு சொல்லும்வரை வாய் திறக்காதீர்கள். ரகரமும் ழகரமும் தமிழில் இரட்டிக்கவே மாட்டா. ஆகவே காற்று, வெற்றி, ஊற்று போல இரட்டித்து ஒலிக்கும் இடத்தில் சின்ன ரகரமா பெரிய றகரமா என்ற ஐயத்துக்கே வேலையில்லை. ஒரே நாளில் ல, ள, ழ மூன்றையும் ர, ற இரண்டையும் கலக்கவும் வேண்டாம். தளி சகோதரிக்கு: அடுக்கும்போது 'சேராதவை' என்று மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள், அந்தச் சிறுமியின் 'மூடு' அங்கே போகட்டும், அவளையே எழுதச் சொல்லுங்கள், சிரித்த பிள்ளைகளையும் ஆளுக்கொரு சேராத சொல்லைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, சொல்வதை எழுதுதல் நடத்துகிறவர் முதலில் தம்முடைய ழகரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. 'வாளைப்பளம்' என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தை எதிர்பார்ப்பதை நான் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

பகரத்தைப் பற்றி அரூர் அம்மா சொன்னதை ஏற்கிறேன்; அங்கே இனம் கைகொடுக்காது. ஆனால் 'நாட்கள்' பற்றி ஒரு சொல். வல்லினம் வரும்போது அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத புணர்ச்சியில், லகர, ளகரங்கள் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்பது நன்னூல் தரும் இடம். 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று பொருள்படும் எனச் சொல்லி, 'நாள்கள்' என்பதையே வற்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்; அந்த ஆசிரியர் அந்தப் பக்கம் நிற்பவராக இருக்கலாம். கேட்கப் போவதானால் விடைத்தாளை எடுத்துச் செல்லுங்கள், பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள்.